மூன்றாவது பெரிய மனிதர்

என் தம்பி தனுஷ் கடைசியாக என்னிடம் கேட்டது ஒரு சாக்ஸ்.

"அக்கா, இந்தக் கறுப்போட ஜோடி எங்க?"

"கொடியில பாரு."

"கொடியில கிளிப்பு மட்டும்தான் தொங்குது. எலி தூக்கிட்டுப் போயிருச்சு போல."

திருப்பூர் காதர்பேட்டையில் எடை போட்டு வாங்கி வந்த எக்ஸ்போர்ட் மிச்சத்துப் பையைக் காட்டினேன். அதில் துழாவி அவன் எடுத்தது ஒற்றை சாக்ஸ். பச்சை நிறம். அதில் ஆரஞ்சுப் பூசணிக்காய்கள் பல்லைக் காட்டிச் சிரித்தன. வெள்ளைக்காரர்களின் ஏதோ பேய்ப் பண்டிகைக்காக நெய்து, தள்ளுபடியாகிப் போன சரக்கு. ஒரு காலில் கறுப்பு, மறு காலில் பூசணிக்காய். அதன் மேல் புது ஷூ. விசா நேர்காணலுக்கென்று வாங்கி வைத்திருந்ததை அன்றுதான் முதல் முறையாகப் பெட்டியிலிருந்து எடுத்தான். கல்லூரிக்கு எப்போதும் செருப்புதான்.

"வெளங்கும்," என்றேன்.

"ஷூவுக்குள்ள எவன் எட்டிப் பாக்கப் போறான்?"

அவன் டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி முடித்திருந்தான். ஜெர்மனியில் மேற்படிப்புக்கு ஒரு கன்சல்டன்சி மூலம் விண்ணப்பம் போட்டிருந்தான். அதற்கு மூன்று பேரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும். யாரிடம் கேட்பது என்பதுதான் இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் பேச்சு. முத்தாயி மேடத்திடம் கேள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று வருடம் லேபில் அவன் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

"மேடம் வெறும் அசிஸ்டெண்ட் புரொபசராம்க்கா. கன்சல்டன்சிக்காரன் வேண்டாங்கான். பேருக்கு முன்னாலயும் பின்னாலயும் நெறைய எழுத்து இருக்கணுமாம். பெரிய மனுசங்களா மூணு பேர் வேணுமாம்."

"அந்தப் பெரிய மனுசங்களுக்கு உன் பேரு தெரியுமாடா?"

"அத நாமளே எழுதிக் குடுத்துருவோம்ல," என்று சிரித்துவிட்டுப் போனான். எங்கே போகிறான் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் சேவூர் சாலையில் ஒரு வளைவில், பைக் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகக் கிடந்ததாகச் சொன்னார்கள். சட்டையெல்லாம் பிராந்தி வாசனை. குடித்துவிட்டு ஓட்டி விழுந்தான் என்று போலீஸ் எழுதியது. எங்கள் அப்பா மூக்கையா, சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருப்பவர். குடியால் தன் அண்ணனைப் பறிகொடுத்தவர். "குடிகாரப் பயலுக்கு நான் கொள்ளி வைக்க மாட்டேன்" என்று சுடுகாட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா மகன்தான் வைத்தான்.

என் தம்பி குடித்ததில்லை. அந்த ஒரு வார்த்தையை எடுத்துப் போட வேண்டும் என்பதற்காகத்தான் நான் சித்ராதேவியிடம் போனேன்.

அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் சித்ராதேவியின் துப்பறியும் நிலையம். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிப்பதும், நூல் மூட்டை களவு போனால் கண்டுபிடிப்பதும்தான் அங்கே வழக்கமான வேலை. ஐம்பது வயது இருக்கும். சுங்குடிச் சேலை, பெரிய கைப்பை. எதையும் அவசரமாகப் பார்க்காத கண். உதவியாளன் அருண்பாண்டி உசிலம்பட்டிக்காரன். முப்பது வயதில் நாற்பது வயதுத் தொப்பை.

போலீஸ் கொடுத்த பிளாஸ்டிக் பையை மேஜையில் வைத்தேன். அதைப் பிரிக்க எனக்கு அதுவரை மனம் வரவில்லை. சித்ராதேவி பிரித்தார். ஷூவுக்குள் விரலை விட்டார். முன்பக்கத்திலிருந்து உருண்டையாகச் சுருட்டிய கறுப்பு சாக்ஸ் வந்தது. அடுத்த ஷூவிலிருந்து பூசணிக்காய் வந்தது.

"கண்ணு, அவன் இத எப்படிப் போட்டிருந்தான்?"

"கால்லதான் மேடம். நான் பாக்கவே போட்டான்."

"அப்பறம் யாரு இத உருட்டி உள்ள வெச்சது?"

அருண்பாண்டி ஒரு பன்னைக் கடித்துக்கொண்டே சொன்னான். "விழுறதுக்கு முன்னாடி வண்டிய ஓரமா நிறுத்தி, ஷூவக் கழட்டி, சாக்ஸ உருட்டி உள்ள வச்சு, மறுபடி ஷூவ மாட்டிக்கிட்டு விழுந்திருப்பாப்ல. ஒழுங்கான பையன்."

"ஒரு ஊட்டு வாசல்ல ஷூ கழட்டுறப்ப நாம எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம்," என்றார் சித்ராதேவி. "சாக்ஸ உருட்டி ஷூவுக்குள்ள போட்டுட்டு உள்ள போவோம். மறுபடி ஷூவ மாட்டுனது இவன் இல்ல. அவசரத்துல வேற யாரோ மாட்டியிருக்காங்க. உள்ள சாக்ஸ் கெடக்கறது அவங்களுக்குத் தெரியல."

பிரேதப் பரிசோதனைக் காகிதத்தையும் பார்த்தார். இடது உள்ளங்காலில் ஒரு கருகல், சாலைத் தாரின் சூடாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது.

"ஷூ போட்ட காலுல தார் எப்படிச் சுடும்?"

"ஷூவுக்குள்ளயும் ரோடு போட்டிருப்பாங்க மேடம். இப்பல்லாம் கான்ட்ராக்ட்காரங்க எங்க வேணாலும் போடுறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பி போன பிறகு முதல் சிரிப்பு. உடனே வெட்கமாக இருந்தது. அருண்பாண்டி மிச்சப் பன்னைத் தட்டில் வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்றான்.

"இன்னொன்னு மேடம்," என்று என் போனைக் காட்டினேன். தனுஷின் போன் கண்ணாடி உடைந்து பாதி எழுத்து தெரியாது. அதனால் விண்ணப்பத்தில் என் மெயிலைத்தான் கொடுத்திருந்தான். அன்று சாயங்காலம் நான் பிணவறை வாசலில் நின்றபோது ஒரு மெயில் வந்தது. மூன்றாவது பரிந்துரைக் கடிதம் வந்து சேர்ந்தது, உங்கள் விண்ணப்பம் முழுமையடைந்தது என்று இருந்தது. யார் அனுப்பிய கடிதம் என்று அதில் இல்லை.

சித்ராதேவி அதை இரண்டு முறை படித்தார். "உசுரோட இருக்கறப்ப அலைய உட்டுட்டு, செத்தன்னிக்கு லெட்டர் குடுத்த புண்ணியவான் யாருன்னு பாக்கணுமே. எந்திரி அருணு."

கன்சல்டன்சி நடத்துபவன் பெயர் இளங்குமரன். சுவர் முழுக்கக் கொடிகள், நடுவில் ஏ.சி. போகாத ஊர்களைப் பற்றியெல்லாம் போய்வந்தவன் போலப் பேசுவான். தனுஷ் பெயரைச் சொன்னதும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். அப்படி வைத்துக்கொள்ள அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

"நல்ல புரொபைலுங்க. நான்தான் மூணு பேரையும் செலக்ட் பண்ணிக் குடுத்தேன். பிரின்சிபால் டாக்டர் குமாரவேல். ஹெச்.ஓ.டி. டாக்டர் செந்தில்வேல். காலேஜ் தாளாளர் பொங்கியண்ணன். மூணும் ஹெவியான பேருங்க."

"அவனுக்குப் பாடம் எடுத்தவங்க யாரும் இல்லீங்களா?" என்றார் சித்ராதேவி.

"பாடம் எடுத்தவங்க எதுக்குங்க? அவங்ககிட்ட லெட்டர்ஹெட் கூட இருக்காது."

"கல்யாணப் பத்திரிகையில மாப்பிள பேரச் சின்னதாப் போட்டு, எம்.எல்.ஏ. பேரப் பெருசாப் போடுவாங்கள்ல, அது மாதிரி," என்றான் அருண்பாண்டி.

"கரெக்டுங்க," என்றான் இளங்குமரன், அது பாராட்டு என்று நினைத்து.

"அவன் செத்தன்னிக்குச் சாயங்காலம் வந்த லெட்டரு யாருதுங்க?" என்றார் சித்ராதேவி.

அவன் கணினியைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். "பிரின்சிபாலுது எப்பவோ போயிருச்சு. ஹெச்.ஓ.டி.யும் போன மாசமே குடுத்துட்டேன்னு எங்கிட்டச் சொன்னாரு. அப்ப பாக்கி தாளாளருதானுங்க."

பொங்கியண்ணனுக்கு இரண்டு ஸ்பின்னிங் மில், ஒரு சாயப்பட்டறை, அதற்குப் பிறகு ஒரு கல்லூரி. பங்களா காங்கேயம் ரோட்டில். படியேறியதும் அருண்பாண்டி வழக்கம்போல் செருப்பைக் கழற்றப் போனான்.

"செருப்போடயே வாங்க," என்றார் வாட்ச்மேன். "இங்க யாரும் கழட்டறதில்லீங்க. தரை சில்லுனு இருக்குதுன்னு ஐயாவே வூட்டுக்குள்ள செருப்பு போட்டுத்தான் நடப்பாரு."

சித்ராதேவி அங்கேயே நின்றுவிட்டார். ஹாலில் நாலு பேர் பளபளக்கும் ஷூக்களோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். "வந்த வேல முடிஞ்சுது," என்று என் காதில் சொன்னார். "அவன் ஷூவக் கழட்டுன ஊடு இது இல்ல."

ஆனாலும் உள்ளே போனோம். பொங்கியண்ணன் எங்களை உட்காரச் சொல்லவில்லை. தேங்காய் பர்பி தின்றுகொண்டிருந்தார்.

"தனுஷா? யாரு அது?"

"நீங்க லெட்டர் குடுத்த பையனுங்க," என்றார் சித்ராதேவி. "புத்திசாலி, கடும் உழைப்பாளி, எனக்கு நேரடியாத் தெரியும்னு எழுதியிருக்கீங்களாமே."

"நான் எதுக்குங்க எழுதறேன்? எம் பேருல மெயில் பாக்கறது அந்தக் கன்சல்டன்சிக்காரப் பையன்தான். காலேஜ்ப் பசங்களுக்குப் பூரா அவனே எழுதிக்குவான், அவனே அனுப்பிக்குவான். தீவாளிக்கு ஒரு டப்பா முறுக்குக் கொண்டாந்து குடுப்பான். முறுக்கு நல்லாத்தான் இருக்கும்." பர்பித் தூளைத் தட்டினார். "செத்துட்டானா? அட பாவமே. சரி, வேறென்ன?"

என் தம்பி இந்த ஆளின் பெயரை விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தான்.

காரில் ஏறியதும் அருண்பாண்டி இளங்குமரனுக்குப் போன் போட்டான். "என்ன தம்பி, தாளாளர் இங்க உங்க முறுக்கப் பத்திப் பெருமையாச் சொல்றாரு. மெயில் விசயத்தையும் சொன்னாரு. நாங்க போலீசுக்குச் சொல்லவா, ஜெர்மன் எம்பசிக்குச் சொல்லவா? நீங்களே செலக்ட் பண்ணுங்க, அதான் ஒங்க தொழிலு."

ஸ்பீக்கரில் இளங்குமரனின் குரல் மெலிந்து வந்தது. "அண்ணா, வேண்டாங்ணா. பிரின்சிபால், தாளாளர் ரெண்டு பேருதும் என் சிஸ்டத்துல இருந்துதானுங்க போகும். ரெண்டையும் போன மாசமே போட்டுட்டேன். வெளிய தெரிஞ்சா பொழப்பு போயிருமேன்னுதான் அப்ப மறைச்சேன்."

"ஹெச்.ஓ.டி.?" என்றார் சித்ராதேவி.

"அவரு மட்டும் அவரு மெயில யாருகிட்டயும் தரமாட்டாருங்க. லெட்டர் அவரு கையில இருந்தாத்தானுங்க பசங்க வேலைக்கு வருவாங்க."

"என்ன வேல?"

"ஊட்டு வேலதானுங்க. சிலிண்டர் தூக்கறது, பாப்பாவ ஸ்கூல்ல விடறது. அப்பறம் பின்னாடி என்னமோ ஷெட்டு இருக்குதாமா. ஞாயித்துக்கெழமைல பசங்க போவாங்க. அவரு இன்டர்ன்ஷிப்னு சொல்லுவாரு."

ஆக, அன்று சாயங்காலம் வந்த மூன்றாவது கடிதம் செந்தில்வேலுடையது. போன மாதமே கொடுத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். கொடுக்கவில்லை.

முத்தாயி மேடத்தின் நம்பர் என்னிடம் இருந்தது. சித்ராதேவி ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். லேபிலிருந்து சமீபத்தில் ஏதாவது வெளியே போனதா?

"சாம்பிள் டையிங் மெஷின் ஒண்ணு சர்வீசுக்குன்னு ஹெச்.ஓ.டி. கொண்டு போனாருங்க. ஆறு மாசமாத் திரும்பி வரல. ஏனுங்க?" என்றார் மேடம். பிறகு என்னைப் பற்றிக் கேட்டார். "ஜோதி பக்கத்துல இருக்காளா? அவகிட்டச் சொல்லுங்க. தனுஷ் லெட்டருக்கு எங்கிட்ட வருவான்னு காத்துட்டு இருந்தேன். அவன் கேக்கவே இல்ல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செந்தில்வேல் வீடு சேவூருக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. கேட்டிலேயே பலகை தொங்கியது: 'காலணிகளை இங்கேயே விடவும்'. காம்பவுண்டு முழுக்க வெள்ளை டைல்ஸ். அருண்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் கால் விரல்களைப் பார்த்தான்.

"இப்பத்தான் மேடம் சரியான கோயிலுக்கு வந்திருக்கோம்."

செந்தில்வேல் என்னைப் பார்த்ததில்லை. சாவு வீட்டுக்கு அவர் வரவில்லை. பிரின்சிபால் பெயரில் ஒரு மாலை மட்டும் வந்தது. அதனால் நான் சித்ராதேவியின் அண்ணன் மகள் ஆனேன், அருண்பாண்டி அக்கா மகன் ஆனான். சித்ராதேவி கைப்பைக்குள் போனில் பதிவை ஓடவிட்டு, பையைத் திறந்தபடி மடியில் வைத்துக்கொண்டார்.

மனிதர் உயரமாக, சிவப்பாக, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். பேசும்போது எதிரில் இருப்பவரின் தலைக்கு மேல் எதையோ பார்ப்பார்.

"வணக்கமுங்க சார். இவன் உங்ககிட்டப் படிச்ச பையன். ஜெர்மனி போறேங்கறான். ஒரு லெட்டரு வேணுமுங்க."

"எந்த பேட்ச்?"

"ரொம்பப் பழைய பேட்ச் சார்," என்றான் அருண்பாண்டி. "அரியர் முடியவே பல வருசம் ஆகிப்போச்சு."

"பேரு?"

"அருண்பாண்டி சார்."

செந்தில்வேல் கண்ணை மூடித் திறந்தார். "ஆமா, ஆமா. ஞாபகம் இருக்குது. மூணாவது பெஞ்ச். லேப்ல நல்லா வேல செய்வ."

பிளஸ் டூவில் மூன்று பாடத்தில் தவறியவன் அருண்பாண்டி. கல்லூரி வாசலை அவன் மிதித்ததில்லை. "சார் மறக்கவே இல்ல பாத்தீங்களா சித்தி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீயே எழுதிட்டு வா. நான் பாத்து அனுப்பறேன். டாப் ஒன் பர்சென்ட்டுன்னு போட்டுக்க. எல்லாரும் அப்படித்தான் போட்டுட்டு வருவாங்க."

"நானே என்னப் புகழ்ந்துக்கிட்டா கூச்சமா இருக்காதா சார்?"

"கூச்சப்பட்டா இங்கயே கெடக்க வேண்டியதுதான். ஞாயித்துக்கெழம வா. பின்னாடி ஷெட்ல கொஞ்சம் வேல இருக்குது. அதையும் எக்ஸ்பீரியன்ஸ்னு லெட்டர்ல சேத்துக்கலாம்."

இதுதான் அந்தப் பெரிய மனிதரின் கடை. பையன் தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டும். அதை அனுப்புவதற்கு இவருக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அனுப்பும் விரல் மட்டும் இவருடையது.

சித்ராதேவி குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க சார், இந்த ரோட்டுல ஒரு பையன் பைக்ல உழுந்து செத்துப் போனானாமே, அவன் உங்க ஸ்டூடன்ட்டுங்களா?"

"தனுஷ். அவனுக்கு லெட்டர் போன மாசமே குடுத்தாச்சு. அதுக்கப்பறம் நான் அவனப் பாக்கவே இல்ல."

"நல்ல பையன்னு சொன்னாங்க. இவனெல்லாம் அவன் கால் தூசிக்கு வரமாட்டான்னு ஊருல பேசிக்கறாங்க."

அந்த ஒரு பாராட்டை அவரால் பொறுக்க முடியவில்லை.

"மார்க்கு இருந்துச்சு. மார்க்கு மட்டும் இருந்தாப் போதுங்களா? ஒழுங்கு வேண்டாமா? பனியன் கம்பெனில அயர்ன் போடறவன் மகன். ஒரு கால்ல கறுப்பு சாக்ஸு, ஒரு கால்ல பூசணிக்கா படம் போட்ட சாக்ஸு. அப்படி வந்து என் வாசல்ல நிக்கறான். இவனெல்லாம் ஜெர்மனிக்குப் போயி நம்ம காலேஜ் மானத்த வாங்கறதுக்கா?"

உள்ளே எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"சார்," என்றேன். "அந்தப் பூசணிக்காய நான்தான் பையிலருந்து எடுத்துக்கிடச் சொன்னேன். அந்த ஷூவ அவன் ஒரே ஒரு நாள்தான் போட்டான். அன்னைக்குக் காலைல வீட்டுல போட்டது, ரோட்டுல கெடந்தப்ப கால்ல இருந்தது. நடுவுல எங்க கழட்டுனான்னு நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்."

அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நான் தனுஷோட அக்கா. நாகஜோதி."

அருண்பாண்டி அதற்குள் எழுந்து பின்பக்கம் போயிருந்தான். "மேடம், வாங்க! காலேஜ் இங்கதான் இருக்கு!"

பின்னால் தகர ஷெட். வாசலில் சுண்ணாம்பில் எழுதியிருந்தது: 'செருப்பு போட்டு உள்ளே வரக் கூடாது'. திருப்பூரில் இது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். வெள்ளைத் துணியில் மண் படக் கூடாது. உள்ளே வாளிகள், நனைந்த துணிச் சுருள்கள், ஈரத் தரை. நடுவில் ஒரு சின்ன சாயமேற்றும் மெஷின். அதன் முதுகில் கல்லூரியின் பெயரும் லேபின் எண்ணும் பெயின்டில் இருந்தன. ஒயர் முழுக்கக் கறுப்பு டேப்.

"தொடாத அருணு," என்றார் சித்ராதேவி.

"தொட மாட்டேன் மேடம். எனக்கு லெட்டர் வேண்டாம்."

சித்ராதேவி செந்தில்வேலிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "காலேஜ் மெஷினக் கொண்டாந்து ஊட்டுல வெச்சு கம்பெனிக்காரங்களுக்கு சாம்பிள் சாயம் போட்டுக் குடுக்கறீங்க. எர்த் இல்ல. ஈரத் தரையில வெறுங்காலோட ஒரு பையன நிக்க வெச்சீங்க. சரிதானுங்களா?"

"எல்லாப் பசங்களும் நிப்பாங்க," என்றார் அவர். "இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவன்தான் ஒயரப் பாக்காம..."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டு போகலைங்க?"

"கை புடிச்சுப் பாத்தேன். போயிருச்சு. கொண்டு போனா எங்க நடந்துச்சுன்னு கேப்பாங்க. மெஷினு காலேஜுது. எனக்கு அடுத்த வருசம் பிரின்சிபால் போஸ்ட்டு."

கை பிடித்துப் பார்த்தாராம். அவர் டாக்டர்தான். அவர் பட்டம் வாங்கியது துணியில் சாயம் ஒட்டுவதைப் பற்றி.

"பிராந்தி?" என்று கேட்டேன்.

அவர் டைல்ஸைப் பார்த்தார். "அப்ப வேற ஒண்ணும் தோணல."

அவருக்கு வேறொன்றும் தோன்றாமல் ஊற்றிய பிராந்தியால்தான் எங்கள் அப்பா சுடுகாட்டு வாசலில் உட்கார்ந்தார். செந்தில்வேலை அடிக்கலாம் என்று என் கை நினைத்தது. அடிக்க அங்கே ஒன்றும் இல்லை என்று மனதுக்குப் பட்டது. விபூதி, பட்டம், பதவி ஆசை. இவற்றை எடுத்துவிட்டால் சட்டை மட்டும்தான் மிஞ்சும்.

சித்ராதேவி பையிலிருந்து போனை எடுத்துத் தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். அதைப் பார்த்ததும் செந்தில்வேலுக்கு அவசரம் வந்துவிட்டது. சித்ராதேவியை விட்டுவிட்டு என் பக்கம் வந்தார். முகத்தில் ஒரு நியாயம் கேட்கும் பாவனை.

"ஏம்மா, நான் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்ல. அவன் எழுதிட்டு வந்த காகிதம் நனஞ்சு போச்சு. அன்னிக்குச் சாயங்காலமே நானே உக்காந்து புதுசா எழுதி அனுப்பினேன். டாப் ஒன் பர்சென்ட்டுன்னு போட்டேன். என் சர்வீஸ்ல நானே எழுதுன ஒரே லெட்டர் அதுதாம்மா. நீ வேணா படிச்சுப் பாரு. அவ்வளவு நல்லா எழுதியிருக்கேன்."

அருண்பாண்டி எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன். அப்போது அவன் ஷெட்டை விட்டு வெளியே போனான்.

"எனக்கு வேண்டாம் சார்," என்றேன்.

போலீஸ் ஜீப் வந்தது. கேட்டில் இருந்த பலகையைப் பார்த்து ஒரு கான்ஸ்டபிள் பூட்ஸைக் கழற்றலாமா என்று தயங்கினார். "அப்படியே வாங்க சாமி," என்றார் சித்ராதேவி. பூட்ஸ் கால்கள் வெள்ளை டைல்ஸில் மண்ணை மிதித்துக்கொண்டு போயின. செந்தில்வேல் தன்னை மறந்து, "செருப்பு, செருப்பு," என்றார்.

ரோட்டோரம் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். கம்பெனியில் இருந்தார். பின்னால் ஸ்டீம் அயர்ன் சீறுவது கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். ஷெட், மெஷின், பிராந்தி. அயர்ன் சீறிக்கொண்டே இருந்தது.

"அவன் குடிக்கலப்பா."

அயர்ன் சத்தம் நின்றது.

"அந்தக் கொள்ளிய இனி எங்க போயி வைக்க?" என்றார் அப்பா.

சித்ராதேவி என் தோளில் கை வைத்து, போனை மெல்ல வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அப்பா அழுது முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே நின்றார்.

வழக்கு நடக்கிறது. போலீஸ் காகிதத்தில் விபத்து என்பதை அடித்துவிட்டார்கள். குடிபோதை என்பதையும் அடித்துவிட்டார்கள். செந்தில்வேல் ஜாமீனில் இருக்கிறார்.

சேவூர் சாலையில் அந்த வளைவில், தனுஷ் இறந்த வாரத்திலேயே கல்லூரி நிர்வாகம் ஒரு மஞ்சள் பலகை நட்டது. 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்று அதில் இருக்கிறது. கீழே உபயம் என்று போட்டு கல்லூரியின் பெயர். அங்கே எந்த விபத்தும் நடக்கவில்லை. பலகை அப்படியே இருக்கிறது. பஸ்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கின்றன.